தெரு முழுக்கச் சேர்ந்து ஹாலோவீன் மிட்டாய் கொடுக்கப்போகிறீர்களா? முன்பே தெரிந்திருக்க வேண்டியவை

டெக்சஸின் டல்லாஸுக்கு வடக்கே உள்ள புறநகர்களில் அக்டோபர் பிறந்ததும் தெரு வாட்ஸ்அப் குழுக்களில் ஹாலோவீன் பற்றியே பேச்சு. அக்டோபர் 31 மாலை வேடமிட்ட பிள்ளைகள் வீடுவீடாகக் கதவு தட்டி மிட்டாய் கேட்கும் நாள் அது. "இந்த வருஷம் வீட்டுக்கு வீடு வேண்டாம், ஒரே இடத்துல மேசை போட்டுக் கொடுத்துடலாமே" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். ஒரு குழந்தைக்கு நிலக்கடலை ஒவ்வாமை, சாக்லேட் விலை ஏறிவிட்டது, பாதி வீடுகளில் விளக்கே எரிவதில்லை என்று காரணங்களும் நியாயமானவையாகவே இருக்கும். எல்லோரும் கட்டைவிரலை உயர்த்துவார்கள், வேலை மட்டும் ஒருவர் தலையில் விழும். எங்கள் தெருவில் அது என் தலையில் விழுந்தது. 180 டாலருக்கு மேல் கைக்காசு போனது. கூடவே பக்கத்து வீட்டாரோடு மனக்கசப்பு, ஒரு தாயின் கோபம். இதையெல்லாம் யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் பாதிக்கு மேல் தவிர்த்திருக்கலாம். அதனால்தான் இத்தனை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. மாற்றம் என்று பேச்செடுத்தாலே "காலம்காலமாக இப்படித்தான் கொடுக்கிறோம்" என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் குட்டி சாக்லேட் அவ்வளவு பழைய வழக்கமல்ல. 1930களில் அமெரிக்காவில், இப்படிக் கதவு தட்டிக் கேட்கும் "ட்ரிக் ஆர் ட்ரீட்" வழக்கம் பரவியபோது கதவு தட்டிய பிள்ளைகளுக்குக் கிடைத்தவை சில்லறைக் காசு, கடலை, ஆப்பிள், வீட்டில் செய்த குக்கி, பாகில் உருட்டிய பாப்கார்ன் உருண்டை. இரண்டாம் உலகப்போரில் 1942 முதல் 1947 வரை சர்க்கரைக்கு ரேஷன் இருந்ததால் வழக்கமே சுருங்கிப்போய், பிறகுதான் மறுபடி தலையெடுத்தது. வீட்டுப் பண்டத்தை ஒழித்தது பயம். 1974-இல் இதே டெக்சஸில், ஹூஸ்டன் பக்கத்து டீர் பார்க் ஊரைச் சேர்ந்த ஒருவர் காப்பீட்டுப் பணத்துக்காகத் தன் மகனுக்கே ஹாலோவீன் மிட்டாயில் சயனைடு கலந்து கொடுத்தார். 1982-இல் சிகாகோ பக்கம் டைலெனால் என்ற வலிநிவாரணிக் குளிகையில் யாரோ விஷம் கலந்ததில் 7 பேர் இறந்தார்கள். அதன்பின் உறை பிரித்த எதையும் வாங்கக் கூடாது என்பது எழுதாத சட்டமாகிவிட்டது. இத்தனைக்கும், ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியலாளர் 1958 முதலான செய்திகளையெல்லாம் அலசிப் பார்த்திருக்கிறார். முன்பின் தெரியாத ஒருவர் கொடுத்த ஹாலோவீன் மிட்டாயில் விஷம் இருந்து ஒரு குழந்தை இறந்ததாக உறுதியான நிகழ்வு ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

நம்மவர்களுக்கு இது ஏன் முக்கியம் என்றால், 2024-இல் தீபாவளி சரியாக அக்டோபர் 31 அன்றே வந்தது. காலையில் எண்ணெய்க் குளியல், மாலையில் வாசலில் அகல், அதே வாசலில் வேடமிட்ட பிள்ளைகள். வீட்டில் கிண்டிய மைசூர்பாகையும் முந்திரிக் கேக்கையும் ஆசையாகத் தட்டில் வைத்துக் கொடுத்த வீடுகள் உண்டு. பிள்ளைகள் வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுத்தான் போவார்கள். ஆனால் அடுத்த திருப்பத்தில் பெற்றோர் அதைப் பையிலிருந்து எடுத்துக் குப்பையில் போடுவார்கள். அவமதிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், பள்ளிக்கூடத்திலேயே அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். முந்திரி, பால், நெய் என்று அந்தத் தட்டு முழுக்க ஒவ்வாமைப் பொருள் என்பதும் உண்மைதானே. பழகிய அண்டை வீட்டுக்கு, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று ஒரு சீட்டெழுதி, பெரியவர்கள் கையில் கொடுங்கள். ஹாலோவீன் கூடையில் போடாதீர்கள். இன்னொன்று, இந்த ஊரில் வாசல் விளக்கு எரிந்தால் "வாருங்கள், மிட்டாய் இருக்கிறது" என்று பொருள். தீபாவளிக்காக வாசலில் சீரியல் விளக்குப் போட்டிருந்தாலும் பிள்ளைகள் வருவார்கள், மிட்டாய் தயாராக இருக்கட்டும்.

இனி பணம். வாங்குவதற்கு முன்பே வசூலித்துவிடுங்கள். "அக்கா, நீங்க வாங்கிடுங்க, அப்புறமா ஸெல் (Zelle) வழியா பணத்தை அனுப்பிடறேன்" என்பவர்கள் நல்லவர்கள்தான். நவம்பர் பிறந்ததும் மறந்துவிடுவார்கள், நமக்கும் திரும்பத் திரும்பக் கேட்க நா எழாது. என் கைக்காசு பெரும்பாலும் போனது இப்படித்தான். வீட்டுக்கு 10 டாலர், அக்டோபர் 10-க்குள் என்று தேதி வையுங்கள். வந்த பணத்துக்கு மட்டும் வாங்குங்கள். பணம் தராதவர்கள் ஒரு மூட்டை மிட்டாயாகவே கொடுக்கலாம் என்று சொன்னால் பலருக்கு அது எளிதாக இருக்கும். ஆனால் எந்த வகை என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். இல்லையென்றால் கடலை வெண்ணெய் சாக்லேட்டாகவே வந்து குவியும்.

எத்தனை வாங்குவது? தெருவில் உள்ள பிள்ளைகளை எண்ணி வாங்கினால் நிச்சயம் போதாது. நல்ல நடைபாதையும் விளக்கும் உள்ள தெருக்களுக்கு வெளியிலிருந்து காரில் வந்து இறங்குவார்கள், அதைக் குறையாகப் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. அவர்கள் இருக்கும் அடுக்ககங்களில் கதவு தட்டும் வசதி இல்லாமல் இருக்கலாம். முந்தைய வருடம் கொடுத்த இரண்டு மூன்று வீடுகளில் எத்தனை துண்டு வாங்கினார்கள், எத்தனை மிஞ்சியது, ஒரு பிள்ளைக்கு எத்தனை கொடுத்தார்கள் என்று கேளுங்கள். செலவான துண்டுகளை, ஒரு பிள்ளைக்குக் கொடுத்த எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கணக்கு வந்துவிடும். மேசை என்றால் பிள்ளைக்கு 3 துண்டு, கணக்குக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். 150 பிள்ளைகள் வருவார்கள் என்றால் 540 துண்டு. எங்கள் பக்கத்து மொத்த விற்பனைக் கடையில் 150 துண்டு மூட்டை 20 முதல் 25 டாலராக இருந்தது, ஆக 4 மூட்டை, 100 டாலருக்குள் முடிந்தது. மூட்டை மேல் போட்ட எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். "ஃபன் சைஸ்" என்று போட்ட சின்ன பார் ஒன்று சுமார் 15, 17 கிராம் இருக்கும், மினி என்பது அதில் பாதிதான். விலைச்சீட்டில் சின்ன எழுத்தில் அவுன்ஸுக்கு எவ்வளவு என்று போட்டிருப்பதைப் பாருங்கள்.

சாக்லேட் விலை ஏன் இப்படி ஏறியது என்று கேட்பவர்களுக்குக் காரணம் சொல்லிவிடுங்கள், பணம் வசூலிக்க அது உதவும். உலகக் கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டே நாடுகளிலிருந்து வருகிறது. அங்கே மழை தப்பியும் மரநோய் பரவியும் விளைச்சல் விழுந்ததால், நெடுங்காலம் டன்னுக்கு 2,000, 3,000 டாலரில் இருந்த கோகோ 2024-இல் 10,000 டாலரைத் தாண்டியது. விளைவு, மூட்டைகளில் சாக்லேட் குறைந்து, "கம்மி" எனும் ரப்பர் போல மெல்லும் மிட்டாயும் புளிப்பு மிட்டாயும் கூடிவிட்டன. உறையில் "மில்க் சாக்லேட்" என்று இல்லாமல் "சாக்லேட் கேண்டி" என்றோ "சாக்லேட்டி" என்றோ இருந்தால் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு எண்ணெய் சேர்த்திருக்க வாய்ப்பு அதிகம், திருப்பிப் படியுங்கள். டெக்சஸில் வெயிலும் ஒரு கணக்கு. அக்டோபர் கடைசியிலும் சில நாள் 85 ஃபாரன்ஹீட் தொடும். மூட்டையை காரில் மதியம் முழுக்க விட்டாலோ கராஜில் வைத்தாலோ சாக்லேட் இளகி, மறுபடி இறுகும்போது மேலே வெள்ளை பூத்துவிடும். தின்றால் கெடுதல் இல்லை, ஆனால் பூஞ்சை என்று பெற்றோர் தூக்கி எறிவார்கள். அலமாரிக்குள், எறும்பு ஏறாத மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில், கடைசி வாரத்தில் வாங்கி வையுங்கள்.

இப்போது ஒவ்வாமை. இதைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன், ஏனென்றால் எங்கள் தெருவில் கோபமும் கண்ணீரும் வந்தது இதில்தான். எல்லோரும் செய்வது, மூட்டைகளைப் பிரித்து ஒரே பெரிய அண்டாவில் கொட்டிக் கலப்பது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பல மூட்டைகளில் சேர்பொருள் பட்டியல் வெளிப்பையில்தான் இருக்கும், உள்ளே உள்ள குட்டி உறையில் இருக்காது. வெளிப்பையைக் குப்பையில் போட்ட கணமே அந்த மிட்டாயில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒரு தாய் ஒரு மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டு, திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதோட பை எங்கே?" என்று கேட்டார். பதில் சொல்ல யாரிடமும் எதுவும் இல்லை. அவர் மகன் ஒன்றுகூட எடுக்காமல் போனான். தெருவே கூடி அவனுக்காக என்று சொல்லி ஆரம்பித்த மாற்றம் அது. அன்றிரவு மனது ஆறவேயில்லை.

ஆகவே வெளிப்பையின் பின்பக்கத்தை வெட்டி எடுத்து, அந்தந்தப் பெட்டியின் முன்னால் ஒட்டுங்கள். கைபேசியில் படமும் எடுத்து முதல் நாளே குழுவில் போடுங்கள். ஒரே பெயருள்ள மிட்டாயின் பெரிய பாரில் இல்லாத கடலை எச்சரிக்கை ஃபன் சைஸில் இருக்கலாம், வேறு ஆலையில் செய்திருப்பார்கள். போன வருடம் பார்த்தோம் என்று விடவும் முடியாது. அமெரிக்கச் சட்டப்படி பெயர் சொல்லி அறிவிக்க வேண்டிய முக்கிய ஒவ்வாமைப் பொருள்கள் ஒன்பது: பால், முட்டை, மீன், இறால், நண்டு போன்ற ஓட்டுடைய கடலுணவு, மரக்கொட்டைகள், நிலக்கடலை, கோதுமை, சோயா, 2023 முதல் எள். ஆனால் "கடலை கலந்திருக்கலாம்" என்ற எச்சரிக்கை வரி கட்டாயமில்லை, கம்பெனி விரும்பினால் போடுவது. அந்த வரி இல்லாததால் கடலை படவேயில்லை என்று முடிவு கட்ட முடியாது. எனவே மேசையில் "பாதுகாப்பானது" என்று எழுதாதீர்கள். பட்டியலைக் காட்டுங்கள், முடிவைப் பெற்றோரிடம் விடுங்கள். இங்கே விற்கும் ஸ்மார்ட்டீஸ் (சாக்லேட் அல்ல, சர்க்கரை வில்லை), டம் டம்ஸ் குச்சி மிட்டாய் போன்றவற்றின் தயாரிப்பாளர்களே இந்த ஒன்பதும் இல்லை என்று சொல்கிறார்கள். இப்படிப்பட்டவற்றைத் தனி மேசையில் வையுங்கள், ஒரே மேசையின் மறுமுனையில் அல்ல. அதைக் கையாள்பவர் கடலை மிட்டாயைத் தொடவே கூடாது. தொட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சானிடைசர் கிருமியைத்தான் கொல்லும், கடலையின் புரதம் கையிலேயே இருக்கும்.

சைவக் குடும்பங்களுக்கும் இதே பட்டியல்தான் துணை. கம்மி, மார்ஷ்மெல்லோ பெரும்பாலும் ஜெலட்டின், அது பன்றி அல்லது மாட்டிலிருந்து வருவது. இங்கே விற்கும் ஸ்டார்பர்ஸ்டில் ஜெலட்டின் உண்டு, ஸ்கிட்டில்ஸில் இல்லை. சோளமணி வடிவ கேண்டி கார்னில் பெரும்பாலும் ஜெலட்டினும், பூச்சியிலிருந்து வரும் அரக்கு மெருகும் சேரும். ஸ்னிக்கர்ஸில் முட்டை வெள்ளைக்கரு. ஹலால் பார்க்கும் வீடுகளும் தெருவில் இருக்கும். ஜெலட்டின் இல்லாதது என்று ஒரு பெட்டிக்குச் சீட்டு ஒட்டினால் இரண்டு தரப்புக்கும் உதவும்.

தின்பண்டமே அல்லாத பொருளும் ஒரு பெட்டி வேண்டும். நீலப்பச்சை வண்ணப் பூசணி வைத்த வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். டென்னசியில் ஒரு ஒவ்வாமைப் பெற்றோர் குழு ஆரம்பித்து, 2014-இல் நாடு முழுக்கப் பரவிய வழக்கம் அது. இந்த வீட்டில் உணவல்லாத பரிசும் உண்டு என்பதற்கு அடையாளம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பென்சில் கொடுத்தால் முகம் விழுந்துவிடும், அந்தப் பணம் வீண். ஸ்டிக்கர், குமிழி ஊதும் குப்பி, இருட்டில் ஒளிரும் வளையல் மூன்றும் நன்றாகப் போகும். ஒளிர் வளையல் 100 கொண்ட குழாய் 10, 12 டாலருக்குக் கிடைக்கும். முன்கூட்டியே வளைத்து ஒளிர வைக்காதீர்கள், சில மணி நேரத்தில் மங்கிவிடும். பிள்ளையின் கையில் போடும்போது வளையுங்கள். வாயில் கடித்தால் உள்ளே உள்ள திரவம் கசந்து எரியும் என்பதால் 3 வயதுக்குக் கீழே வேண்டாம். கெட்டி மிட்டாயும் சூயிங்கமும் 4 வயதுக்குக் கீழே தொண்டையில் சிக்கும் அபாயம் உள்ளவை, அந்த வயதுக்கு உறையிட்ட குட்டி பிஸ்கட் பொட்டலம் தனியாக வையுங்கள்.

அந்த வளையல்மேல் எனக்கு இவ்வளவு பிடிப்பு வரக் காரணம் கார்கள். 1975 முதல் 2016 வரை 42 ஆண்டு அமெரிக்க விபத்துப் பதிவுகளை எடுத்து, ஹாலோவீன் மாலையை அதற்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் உள்ள மாலைகளோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று உண்டு. நடந்து போகிறவர் கார் மோதி இறக்கும் அபாயம் அன்று 43 சதவீதம் கூடுதல், அதிலும் 4 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்குத்தான் மிக அதிகம். மிட்டாயில் ஊசி இருக்குமோ என்று டார்ச் அடித்துப் பார்க்கிறோம், பிள்ளையைக் கறுப்பு உடையில் இருட்டுத் தெருவில் விடுகிறோம். 2007 முதல் கோடை நேரம் நவம்பர் முதல் ஞாயிறு வரை நீள்வதால் இப்போது கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கிறது. டல்லாஸில் அன்று 6.35-ஐ ஒட்டித்தான் சூரியன் மறையும். மேசையை 5.45-க்கே திறந்துவிட்டால் நடை பழகும் குழந்தைகள் வெளிச்சத்திலேயே வந்து போய்விடுவார்கள்.

மேசை எங்கே என்பதில் அவசரப்படாதீர்கள். தெருமுனையில் போட்டால் எல்லோர் கண்ணிலும் படும், ஆனால் கார் திரும்பும் இடத்தில் வரிசை நிற்கும். தெருவின் நடுவில், ஒரு டிரைவ்வேயின் உட்புறம் தள்ளிப் போடுங்கள், வரிசை நடைபாதையில் நீளட்டும். தெருவை அடைக்க நினைத்தால் பல நகரங்களில் அனுமதியும் பக்கத்து வீட்டார் கையெழுத்தும் வேண்டும். செப்டம்பரிலேயே விசாரியுங்கள். ஆளில்லாமல் "ஒன்று எடுத்துக்கொள்ளவும்" என்று எழுதி வைத்த கிண்ணம் முதல் கும்பலிலேயே காலியாகும். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை, காவல் இல்லாத பந்தியில் பாயசம் மிஞ்சுமா? முறை வைத்து இருவர் இருவராக நில்லுங்கள். மிட்டாயை நான்காகப் பிரித்து அரைமணிக்கு ஒரு பங்கு வெளியே எடுங்கள். 7.30-க்கு மேல்தான் பெரிய பையன்கள் வருவார்கள், ஹாலோவீன் வெள்ளிக்கிழமையில் வந்தால் ஹைஸ்கூல் ஃபுட்பால் முடிந்து இன்னும் தாமதமாக. வேடம் இல்லாமல் வந்தாலும் கொடுத்துவிடுங்கள் என்பது என் கருத்து. பதினைந்து வயதில் மிட்டாய் கேட்டு வருபவனை விரட்டி என்ன சாதிக்கப்போகிறோம்? பேச்சு வராத, நன்றி சொல்லாத பிள்ளைகளிடமும் "என்ன சொல்லணும்?" என்று அதட்ட வேண்டாம்.

எல்லாவற்றிலும் எனக்கு அதிகம் வலித்ததைச் சொல்கிறேன். மேசை வந்ததும் கதவுகள் மூடிவிட்டன. எங்கள் தெருவில் தனியாக வசிக்கும் வயதான அமெரிக்கப் பெண்மணி ஒருவர் உண்டு. வாட்ஸ்அப் குழுவில் அவர் இல்லை. கண்ணாடிக் கிண்ணத்தில் முழு அளவு சாக்லேட் பார்களை வரிசையாக அடுக்கி, வாசலில் நாற்காலி போட்டு, விளக்கை எரியவிட்டு உட்கார்ந்திருந்தார். அங்கே யாருமே போகவில்லை. வருடத்துக்கு ஒருநாள் தெருப் பிள்ளைகளின் முகம் பார்க்கும் மாலை அவருக்கு அது. மறுநாள் போய்ச் சொன்னபோது, "யாராவது என்னிடமும் சொல்லியிருக்கலாமே, கண்ணு" என்று மட்டும் சொன்னார். ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கும், வீல்சேரில் வரும் பிள்ளைக்கும், வீட்டு வாசல் படியேற முடியாத குழந்தைக்கும் மேசை வரப்பிரசாதம். ஆனால் அது கதவுகளோடு கூடுதலாக இருக்க வேண்டும், கதவுக்குப் பதிலாக அல்ல. ஹாலோவீனின் உயிர் மிட்டாயில் இல்லை, தெரியாத வீட்டுக் கதவைத் தட்டலாம் என்ற அந்த ஒருநாள் உரிமையில் இருக்கிறது. இதை நான் முழுமனதாக நம்புகிறேன்.

ஆகவே எந்தெந்த வீட்டில் விளக்கு எரியும் என்று கேட்டு ஒரு வரைபடம் போடுங்கள். குழுவில் இல்லாத வீடுகளுக்கு அச்சடித்து நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். மேசையில் நிற்பவர் ஒவ்வொரு பிள்ளையிடமும் அதைக் காட்டி "அந்த விளக்கெரியும் வீடுகளுக்கும் போய்ட்டு வாங்க" என்று அனுப்ப வேண்டும்.

மிச்சம் நிச்சயம் இருக்கும். பிரிக்காத மூட்டையை ரசீதோடு திருப்ப முடியுமா என்று வாங்கும்போதே கேளுங்கள், பல கடைகள் பண்டிகை மிட்டாயைத் திரும்ப எடுப்பதில்லை. சில பல் மருத்துவர்கள் பவுண்டுக்கு ஒரு டாலர் என்று வாங்கி ராணுவ வீரர்களுக்கு அனுப்புகிறார்கள், உங்கள் ஊரில் உண்டா என்று விசாரியுங்கள். மேசையடியில் சிந்தியதை அன்றிரவே பொறுக்கிவிடுங்கள். சாக்லேட்டும் உலர்திராட்சையும் சைலிட்டால் என்ற சர்க்கரை மாற்று சேர்ந்த சூயிங்கமும் நாய்க்கு விஷம், விடியற்காலையில் தெருவில் முதலில் நடப்பது நாய்கள்தான். நவம்பர் 1 காலையில் கடைகளில் எல்லாம் பாதி விலைக்கு வரும். அப்போது மிட்டாய் வாங்காதீர்கள், அடுத்த அக்டோபருக்குள் பழசாகிவிடும். ஸ்டிக்கரும் குமிழிக் குப்பியும் சீட்டு ஒட்டும் பெட்டிகளும் வாங்கி வையுங்கள். ஒளிர் வளையலை மட்டும் தேதி பார்த்து வாங்குங்கள், அதற்கும் காலாவதி உண்டு.